மொட்டைமாடியிலிருந்து சூரியக் குடும்பம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூரியக் குடும்பத்தைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே நம்மிடம் வந்து சேர்கிறது. எட்டுக் கோள்களின் பெயர், விட்டம், துணைக்கோள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதி முடித்த ஒருவர், அன்றிரவே மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேல் பளிச்சென்று தெரிவது வியாழனா அல்லது ஏதேனும் ஒரு விண்மீனா என்று சொல்ல முடியாமல் நிற்பார். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் வானத்தைப் பார்ப்பது, பார்த்ததன் அசைவைக் குறித்துக்கொள்வது, அதன் பிறகே எண்களுக்கு வருவது என்பதே இங்கே பரிந்துரைக்கப்படும் முறை. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து கோள்களும் வெறுங்கண்ணுக்கே தெரிபவை என்பதால், தொடங்குவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

தொடங்கும் முன்

கிழக்கும் மேற்கும் ஓரளவு மறைப்பின்றித் தெரியும் ஒரு மொட்டைமாடி போதுமானது. மங்கலான விண்மீன்களையும் பால்வீதியையும் பார்க்க நகர விளக்குகள் தடையாக இருக்குமே தவிர, மேற்சொன்ன ஐந்து கோள்களையும் சென்னையின் நடுவிலிருந்தும் பார்க்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது கண் கூசாமலிருக்க, டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளலாம். எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்பதை அறிய ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலி உதவும். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அது திருக்கணிதப் பஞ்சாங்கமாக இருக்கட்டும். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களின்படி கணிக்கப்படுவது. திருக்கணிதமோ தற்கால வானியல் கணக்குகளைப் பின்பற்றுவதால், அதில் உள்ள கோள் நிலைகள் கண்ணில் படும் வானத்தோடு ஒத்துப்போகும்.

தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டு விற்கப்படும் மலிவான தொலைநோக்கிகள், ஆடும் தாங்கியும் கலங்கிய பிம்பமுமாக, ஆர்வத்தைக் கெடுப்பதற்கே பயன்படுகின்றன. முதல் செலவு 7×50 அல்லது 10×50 அளவுள்ள (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மி.மீ.இல்) ஒரு பைனாகுலராக இருப்பது நல்லது. ஒன்றில் மட்டும் விதிவிலக்கே கிடையாது: பைனாகுலராலோ தொலைநோக்கியாலோ சூரியனை ஒருபோதும் பார்க்கக்கூடாது. எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் ஆகிய எதுவும் பாதுகாப்பானதல்ல. நொடிப்பொழுதில் விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகிவிடும்.

வானத்தில் தூரத்தை அளக்க உங்கள் கையே கருவி. கையை முழுவதும் நீட்டி மூடிய முட்டியைப் பார்த்தால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. முழுநிலவு அரைப் பாகைதான். சுண்டுவிரலால் அதை முழுவதும் மறைத்துவிடலாம் என்பதைச் செய்து பார்த்தாலொழிய யாரும் நம்புவதில்லை.

முதல் படி: பாதையைப் பிடிப்பது

கோள்கள் வானத்தில் கண்ட இடத்தில் திரிவதில்லை. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, சுழன்றுகொண்டிருந்த வாயுவும் தூசியும் கலந்த ஒரு தட்டிலிருந்து சூரியனும் கோள்களும் உருவானதால், எட்டுக் கோள்களின் பாதைகளும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் அமைந்துள்ளன. பூமியின் பாதைத் தளத்திலிருந்து புதனின் பாதை 7 பாகை சாய்ந்திருக்கிறது. மற்றவற்றின் சாய்வு மூன்றரைப் பாகைக்கும் குறைவு. அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்துகொண்டு நாம் பார்ப்பதால், கோள்கள் யாவும் வானத்தைச் சுற்றி ஓடும் ஒரு குறுகிய பட்டைக்குள்ளேயே தென்படுகின்றன. சூரியன் ஆண்டு முழுவதும் பயணிப்பதும் அந்தப் பட்டையின் நடுக்கோட்டில்தான். பன்னிரண்டு ராசிகள் என்று நாம் சொல்வது அந்தப் பட்டையின் பன்னிரண்டு பகுதிகளையே.

பட்டையைக் கண்டுபிடிக்க நிலவைத் துணைக்கு வைத்துக்கொள்வது எளிய வழி. மூன்றாம் பிறையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மாலையும் அது எந்த விண்மீனுக்கு அருகில் இருக்கிறது என்று நோட்டில் வரைந்து வாருங்கள். நிலவு நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை, அதாவது ஒன்றேகால் முட்டி தூரம், கிழக்கே நகர்வதைக் காண்பீர்கள். 27 நட்சத்திரங்கள் என்ற பழைய கணக்கின் அடிப்படை இதுவே. விண்மீன்களைப் பொறுத்து நிலவு ஒரு சுற்று வர 27.3 நாட்கள் ஆகின்றன. ஆனால் அதற்குள் சூரியனும் நகர்ந்துவிடுவதால், அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாட்கள் தேவைப்படுகின்றன.

பட்டையை ஒட்டி நான்கு பிரகாசமான விண்மீன்கள் மைல்கல் போல நிற்கின்றன: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. சோதிட வழக்கில் நாம் அறிந்த இந்தப் பெயர்கள் வானில் நிஜமாகவே பார்க்கக்கூடிய புள்ளிகள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இவற்றை அடையாளம் கண்டுகொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பட்டையில், இந்த நான்கில் ஒன்றாக இல்லாமல், இவற்றைவிடப் பிரகாசமாக ஏதேனும் தெரிந்தால் அது கோளாகத்தான் இருக்கும். விண்மீன்கள் மினுங்கும், கோள்கள் மினுங்கா என்ற விதியும் பெரும்பாலும் சரியே. விண்மீன் வெகு தொலைவில் வெறும் புள்ளியாக இருப்பதால் காற்றின் அசைவு அதன் ஒளியைக் கலைத்துவிடுகிறது. கோள் ஒரு சிறு வட்டமாக இருப்பதால் அதன் ஒளி நிலையாக நிற்கிறது. ஆயினும் அடிவானத்தை ஒட்டி, அடர்ந்த காற்றின் வழியே பார்க்கும்போது கோளும் மினுங்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வானின் மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியஸ் பல நிறங்களில் மினுங்குவதைப் பார்த்துக் கோள் என்று எண்ணிவிடுபவர்கள் உண்டு. அது பட்டையை விட்டு வெகுவாகத் தெற்கே விலகியிருப்பதை வைத்தே கோள் அல்ல என்று முடிவு செய்துவிடலாம்.

இந்த வேலைக்குத் தமிழ்நாடும் இலங்கையும் வாய்ப்பான இடங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பட்டை நம் தலைக்கு மேல் வெகு உயரமாகச் செல்கிறது. வட ஐரோப்பாவில் இருப்பவர்கள் சில ஆண்டுகளில் அடிவானத்தை ஒட்டிய புகைமூட்டத்துக்குள் தேட வேண்டிய கோள்களை நாம் கழுத்து வலிக்கும் உயரத்தில் பார்க்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம்தான் நமக்கு இடைஞ்சல். தை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் தொடங்குவதற்கு ஏற்றவை.

இரண்டாம் படி: சூரியனை விட்டு விலகாத இருவர்

வெள்ளியைத் தேட வேண்டியதே இல்லை. சூரியன், நிலவு ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக வானில் பிரகாசமானது அதுவே. மாலையில் மேற்கிலோ விடியற்காலையில் கிழக்கிலோ மட்டுமே தெரியும். நள்ளிரவில் உச்சி வானில் அதை யாரும் பார்த்ததில்லை. சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல், அதாவது ஐந்து முட்டிக்கு மேல், அது விலகுவதே இல்லை. வெள்ளியின் பாதை நம் பாதைக்கு உட்புறம் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். உள்ளே சுற்றும் ஒன்றை வெளியிலிருந்து பார்க்கும்போது, அது எப்போதும் மையத்தின் பக்கமாகவே தெரியும் அல்லவா?

வெள்ளி மாலை வானில் இருக்கும் பருவத்தில், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, அது அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரத்தில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். ஏறுவதற்குப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும் வெள்ளி, இறங்கும்போது சில வாரங்களில் விழுந்துவிடுவதைக் காண்பீர்கள். எடுத்துக்காட்டாக, 2026 ஜனவரி 6 அன்று சூரியனுக்குப் பின்னால் இருந்த வெள்ளி, உச்ச விலக்கத்தை, அதாவது சூரியனிலிருந்து மிக அதிகமாக விலகித் தெரியும் நிலையை, அடைவது ஆகஸ்ட் 15 அன்று. அங்கிருந்து நமக்கும் சூரியனுக்கும் இடையே வந்துவிடுவது அக்டோபர் 24 அன்று. முன்னதற்கு ஏழு மாதம், பின்னதற்கு பத்து வாரம். சூரியனின் மறுபுறத்திலிருந்து சுற்றி வருவதற்கு நீண்ட தூரமும், நம் பக்கத்தில் கடந்து செல்வதற்குக் குறைந்த தூரமும் இருப்பதால் இந்த வேறுபாடு ஏற்படுகிறது. இறங்கும் அந்த வாரங்களில், சூரியன் முழுவதும் மறைந்த பிறகு, பைனாகுலரை அசையாமல் பிடித்துப் பார்த்தால் வெள்ளி ஒரு குட்டிப் பிறையாகத் தெரியும். 1610ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியில் கவனிக்கத் தொடங்கிய இந்தத் தேய்வும் வளர்ச்சியும், வெள்ளி பூமியைச் சுற்றவில்லை, சூரியனையே சுற்றுகிறது என்பதற்கு வலுவான சான்றாக அமைந்தன.

இனி எண்களுக்கு வரலாம். வெள்ளியின் விட்டம் 12,104 கி.மீ.; பூமியைவிடச் சற்றே சிறியது. சூரியனை 225 நாட்களில் சுற்றுகிறது. ஆனால் தன்னைத்தானே சுற்ற 243 நாட்கள், அதுவும் பூமிக்கு எதிர்த் திசையில். ஒளியை அள்ளித் திருப்பி அனுப்பும் கந்தக அமில மேகங்களால்தான் அது அவ்வளவு பளிச்சிடுகிறது. அந்த மேகத்துக்கு அடியில் கரியமில வாயு நிறைந்த காற்று வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதால், தரையின் வெப்பம் ஏறத்தாழ 465 செல்சியஸ். காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கும் மேல். சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதனைவிட வெள்ளியே சூடான கோள்.

புதன் பிடிபட நேரம் எடுக்கும். சூரியனிலிருந்து அதிகபட்சம் 28 பாகையே விலகுவதால், மாலை வெளிச்சத்திலேயே மறைந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் மூன்று முறை மாலையிலும் மூன்று முறை விடியற்காலையிலும் சில நாட்கள் தென்படும். செயலியில் அதன் உச்ச விலக்க நாளைப் பார்த்து வைத்துக்கொண்டு, சூரியன் மறைந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் தேடுங்கள். 88 நாட்களில் சூரியனைச் சுற்றிவிடும் இந்தக் கோளின் விட்டம் 4,879 கி.மீ. வெப்பத்தைத் தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லாததால், பகலில் 430 செல்சியஸ் வரை கொதிக்கும் தரை இரவில் பூச்சியத்துக்குக் கீழே 180 வரை குளிர்ந்துவிடுகிறது.

மூன்றாம் படி: வியாழனும் அதன் நான்கு நிலவுகளும்

ஒரே ஒரு கோளைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது நிபந்தனை விதித்தால், வியாழனைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சாதாரண பைனாகுலரிலேயே ஒரு முழு அமைப்பு நாளுக்கு நாள் இயங்குவதைக் காட்டும் கோள் அது ஒன்றுதான். 2026 ஜனவரி 10 அன்று எதிர்நிலையில், அதாவது சூரியனுக்கு நேர் எதிரே இருந்த வியாழன், ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒருமுறை அந்த நிலைக்குத் திரும்பும். எதிர்நிலையில் உள்ள கோள் சூரியன் மறையும்போது கிழக்கே உதித்து இரவு முழுவதும் தெரியும் என்பதால், அந்த நாளுக்குப் பிந்தைய மூன்று மாதங்கள் மாலையில் பார்ப்பதற்கு வசதியானவை.

மாடியின் கைப்பிடிச் சுவரில் இரு முழங்கைகளையும் ஊன்றி, பைனாகுலரை நடுங்காமல் பிடியுங்கள். நடுவில் ஒரு சிறிய வெண்வட்டம். அதன் இருபுறமும், ஒரே கோட்டில் கோத்ததுபோல, இரண்டு முதல் நான்கு ஒளிப்புள்ளிகள் தெரியும். நோட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டு, புள்ளிகளை அவை இருக்கும் தூரத்துக்கேற்பக் குறித்து, நாளையும் மணியையும் எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அடுத்த வரியில் இதையே செய்யுங்கள். இரண்டு வாரம் இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால், தாளில் புள்ளிகள் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாக வடிவெடுக்கும். வெகுதூரம் சென்று மெதுவாகத் திரும்புவது காலிஸ்டோ. அதற்கு ஒரு சுற்றுக்கு 16.7 நாட்கள். எளிதில் கண்ணில் படுவது கனிமீடு, அது 7.15 நாட்களில் சுற்றுகிறது. யூரோப்பாவுக்கு 3.55 நாட்கள், ஐஓவுக்கு 1.77 நாட்கள். இந்த எண்களில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள்: கனிமீடு ஒருமுறை சுற்றுவதற்குள் யூரோப்பா இருமுறையும் ஐஓ நான்குமுறையும் சுற்றிவிடுகின்றன. வியாழனை மிகவும் ஒட்டிச் சுற்றும் ஐஓ, ஒரு நாள் இடப்புறம் தெரிந்தால் மறுநாள் அதே நேரத்தில் பெரும்பாலும் வலப்புறம் இருக்கும். அதன் வெளிச்சத்தை வியாழனின் ஒளி விழுங்கிவிடுவதால் பைனாகுலரில் பிரித்துக் காண்பது சற்றுக் கடினம்.

1610 ஜனவரியில் கலிலியோ பார்த்து வரைந்ததும் இதைத்தான். வானில் உள்ள யாவும் பூமியையே சுற்றுகின்றன என்ற கருத்துக்கு, வேறொன்றைச் சுற்றும் நான்கு நிலவுகள் கண்ணுக்கு நேரான மறுப்பாயின. 1676ஆம் ஆண்டில் ஓலே ரோமர் என்ற டென்மார்க் வானியலாளர், வியாழனின் நிழலில் ஐஓ மறையும் நேரத்தைக் கணித்துப் பார்த்து, பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அந்த மறைவு தாமதமாகவும், நெருங்கும் மாதங்களில் முன்கூட்டியும் நிகழ்வதைக் கண்டார். ஒளி நம்மை வந்தடைய நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள் என்று அவர் சரியாக முடிவு செய்தார். பூமியின் பாதையைக் குறுக்காகக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ பதினாறரை நிமிடம் ஆகிறது என்பது இன்று நமக்குத் தெரியும்.

வியாழனின் நடுக்கோட்டு விட்டம் 1,42,984 கி.மீ., அதாவது பூமியைப்போல் 11 மடங்கு. நிறையோ 318 மடங்கு. மற்ற ஏழு கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் வியாழனின் நிறையில் பாதிக்குக்கூட வராது. இவ்வளவு பெரிய உருண்டை பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் நடுவில் சற்றுப் பிதுங்கியிருக்கிறது. நிற்பதற்குத் தரை கிடையாது; ஹைட்ரஜனும் ஹீலியமும் உள்ளே போகப்போக அழுந்தித் திரவமாகின்றன. நீங்கள் புள்ளியாகப் பார்த்த கனிமீடுகூட 5,268 கி.மீ. விட்டத்துடன் புதனைவிடப் பெரியது.

நான்காம் படி: செவ்வாய்

செவ்வாயை நிறத்தால் அறியலாம். தரையில் படிந்திருக்கும் இரும்புத் துருவின் நிறம் அது. கேட்டை விண்மீனும் அதே செந்நிறத்தில் இருப்பதால், இரண்டும் அருகருகே வரும் காலங்களில் குழப்பம் ஏற்படலாம், மினுங்குவது கேட்டை. செவ்வாயின் சிறப்பு அதன் ஏற்ற இறக்கம். ஓராண்டில் வியாழனையே மிஞ்சும் பிரகாசத்தோடு நிற்கும் செவ்வாய், அடுத்த ஆண்டில் சாதாரண விண்மீன் அளவுக்கு மங்கிவிடும். பூமியிலிருந்து அதன் தூரம் ஏறத்தாழ 5.5 கோடி கி.மீ. முதல் 40 கோடி கி.மீ. வரை மாறுவதே காரணம்.

பூமி சூரியனை 365 நாட்களிலும் செவ்வாய் 687 நாட்களிலும் சுற்றுகின்றன. உட்சுற்றில் வேகமாக ஓடும் பூமி செவ்வாயை மீண்டும் எட்டிப் பிடிக்கச் சராசரியாக 780 நாட்கள், அதாவது 26 மாதங்கள் தேவைப்படுகின்றன. 2025 ஜனவரி 16 அன்று ஓர் எதிர்நிலை நிகழ்ந்தது. அடுத்தது 2027 பிப்ரவரி 19 அன்று, சிம்ம ராசிப் பகுதியில். விண்கலங்கள் செவ்வாய்க்குப் புறப்படுவதும் இந்தத் தாளத்தில்தான். இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்டு 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டிருந்தால் ஈராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எதிர்நிலைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கி, பின்புலத்தில் உள்ள விண்மீன்களோடு செவ்வாயின் இடத்தை வாரம் இருமுறை குறித்து வாருங்கள். வழக்கமாகக் கிழக்கே நகரும் கோள் நின்று, திரும்பி, சில வாரங்கள் மேற்கே நடந்து, மறுபடி கிழக்கே கிளம்பும். பஞ்சாங்கம் வக்கிரம் என்று குறிப்பது இதையே. செவ்வாய் உண்மையில் பின்னோக்கிச் செல்வதில்லை. பூமி அதை முந்திச் செல்லும்போது நமக்கு அப்படித் தோன்றுகிறது. கோள்களின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று கெப்ளர் 1609இல் வெளியிட்ட முடிவும், டைக்கோ பிராகி தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் எடுத்த செவ்வாயின் அளவீடுகளிலிருந்தே பிறந்தது.

செவ்வாயின் நாள் நம் நாளைவிட அரை மணிக்குச் சற்றே கூடுதல். அதன் அச்சு 25 பாகை சாய்ந்திருப்பதால் அங்கும் பருவங்கள் உண்டு. காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஐந்தாம் படி: சனி, பஞ்சாங்கத்தின் துணையோடு

சனி மஞ்சள் கலந்த நிதானமான ஒளியோடு, மிக மெதுவாக நகரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் என்பதால், பன்னிரண்டு ராசிகளில் ஒவ்வொன்றையும் கடக்க இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதும், மூன்று ராசிகளைச் சேர்த்து ஏழரை என்று கணக்கிடுவதும் இந்த வானியல் உண்மையின்மேல் எழுந்தவையே. குருப்பெயர்ச்சி ஆண்டுதோறும் வருவதற்கும் காரணம் இதுதான்: வியாழன் 11.86 ஆண்டுகளில் பன்னிரண்டு ராசிகளைச் சுற்றுகிறது. பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கோளின் இடத்தைச் சொல்லும் குறிப்பாகப் பஞ்சாங்கத்தைப் பயன்படுத்துவதில் தடையொன்றும் இல்லை. நவக்கிரகங்களை மட்டும் சூரியக் குடும்பத்தின் பட்டியலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவற்றுள் சூரியன் ஒரு விண்மீன், சந்திரன் பூமியின் துணைக்கோள், ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். எஞ்சிய ஐந்தே கோள்கள்.

சனியின் வளையத்தைப் பார்க்கப் பைனாகுலர் போதாது. 60 அல்லது 70 மி.மீ. விட்டமுள்ள, 30 மடங்குக்கு மேல் பெரிதாக்கும் நல்ல தொலைநோக்கி வேண்டும். அறிவியல் மையங்களும் வானியல் ஆர்வலர் குழுக்களும் நடத்தும் வான்நோக்கு நிகழ்ச்சிகளில் முதன்முறையாகப் பார்த்துக்கொள்வது, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நமக்கு நேராக அமைந்ததால் அது மறைந்தேபோயிற்று. இப்போது ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தைக் காட்டும். முதன்மை வளையங்கள் 2,70,000 கி.மீ.க்கும் மேலான குறுக்களவில் பரந்திருந்தாலும், அவற்றின் கனம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்களே என்பதால்தான் விளிம்பில் பார்க்கும்போது காணாமல் போகின்றன. வளையம் என்பது தகடு அன்று; பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சனியைச் சுற்றுகின்றன. சனியின் துணைக்கோள்களில் மிகப் பெரியதாகிய டைட்டனை அதே தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகக் காணலாம். அடர்ந்த வளிமண்டலம் கொண்ட அந்தத் துணைக்கோளில் ஹைகன்ஸ் கலம் 2005 ஜனவரி 14 அன்று தரையிறங்கியது.

ஆறாம் படி: தூரத்தைக் காலால் நடந்து பார்ப்பது

சுவரொட்டிகளில் கோள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், இந்தப் பயிற்சியைத் தவிர்க்கக்கூடாது. அரை கிலோமீட்டர் நேரான தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், சூரியன் 14 செ.மீ. விட்டமுள்ள ஒரு பந்து. அதைத் தெருவின் தொடக்கத்தில் வையுங்கள். புதன் 6 மீட்டரில், வெள்ளி 11 மீட்டரில். பூமி 15 மீட்டரில் ஒரு கடுகு. நிலவு அந்தக் கடுகிலிருந்து 4 செ.மீ. தள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துகள். செவ்வாய் 23 மீட்டரில், அரைக் கடுகு. அதன் பிறகுதான் நடை தொடங்குகிறது: வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு, சனி 143 மீட்டரில் அதைவிடச் சற்றுச் சிறிய குண்டு, யுரேனஸ் 287 மீட்டரிலும் நெப்டியூன் 450 மீட்டரிலும் ஒவ்வொரு மிளகு. இடையில் உள்ள யாவும் வெட்டவெளி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டைகூட, படங்களில் வருவதுபோல் பாறைகள் நெரிசலாக மோதிக்கொள்ளும் இடமன்று; விண்கலங்கள் எந்தத் தடையுமின்றி அதைக் கடந்து சென்றிருக்கின்றன. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 1 இந்த அளவில் இரண்டரை கிலோமீட்டர் தூரத்தை எட்டியிருக்கிறது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனோ 4,000 கி.மீ. தள்ளி இருக்கும், அது கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் எல்லையைத் தாண்டியும் நீளும் தூரம்.

தெருவின் தொடக்கத்தில் பந்தாக வைத்த சூரியன் மட்டுமே குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 விழுக்காடு. அதிலிருந்து பூமியின் சராசரித் தூரம் 14.96 கோடி கி.மீ.; ஒளிக்கு 8 நிமிடம் 20 நொடி, நெப்டியூனுக்கோ நான்கு மணி நேரத்துக்கு மேல். பூமியின் தூரம் ஜனவரித் தொடக்கத்தில் 14.71 கோடியாகக் குறைந்து ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடியாகக் கூடுகிறது. மார்கழிக் குளிரில் நாம் நடுங்கும் வேளையில்தான் சூரியனுக்கு நெருக்கமாக இருக்கிறோம். ஆகவே பருவங்களுக்குக் காரணம் தூரமன்று, பூமியின் அச்சில் உள்ள 23.4 பாகைச் சாய்வே.

ஏழாம் படி: கண்ணுக்கு எட்டாதவை

1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டறியும்வரை, சனியே குடும்பத்தின் எல்லை. யுரேனஸ் அதன் கணிக்கப்பட்ட பாதையிலிருந்து விலகியதை வைத்து, அதை இழுக்கும் இன்னொரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சுக் கணிதர் லெவெரியே கணக்கிட்டுச் சொல்ல, 1846 செப்டம்பர் 23 இரவில் பெர்லினில் யோகான் கால்லே அந்த இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூனைக் கண்டார். முன்னதற்கு ஒரு சுற்றுக்கு 84 ஆண்டுகள், பின்னதற்கு 165. யுரேனஸ் கிட்டத்தட்டப் படுத்தபடி உருள்கிறது. அதன் அச்சுச் சாய்வு 98 பாகை. 1977 மார்ச் 10 அன்று அது ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு வளையங்கள் இருப்பது பறக்கும் ஆய்வகம் ஒன்றிலிருந்து கண்டறியப்பட்டது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்திலும் அந்த நிகழ்வு பதிவு செய்யப்பட்டது. அதே காவலூரில் 1988இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

புளூட்டோ 1930இல் கண்டறியப்பட்டு, 2006 ஆகஸ்ட் 24 வரை ஒன்பதாவது கோளாக எண்ணப்பட்டது. அதன் பகுதியில் அதையொத்த வேறு பல பொருள்கள் தென்படத் தொடங்கியதும், தன் பாதையில் தான் ஒன்றே ஆதிக்கம் செலுத்துவதே கோள் என்ற நிபந்தனையைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் சேர்த்தது. புளூட்டோ குறுங்கோள் ஆயிற்று. இதைப் பதவி இறக்கமாகக் கருதி வருந்துவதற்கு ஒன்றுமில்லை. 1801இல் கண்டறியப்பட்டுச் சில பத்தாண்டுகள் கோள் என்றே அழைக்கப்பட்ட, சிறுகோள் பட்டையில் உள்ள சீரிஸுக்கும் இதேதான் நேர்ந்தது.

யுரேனஸை நீங்களே பிடிக்கலாம். 2026, 2027ஆம் ஆண்டுகளில் அது ரிஷப ராசிப் பகுதியில், கார்த்திகைக் கொத்துக்கும் ரோகிணிக்கும் இடையே இருக்கிறது. நகர வெளிச்சத்துக்கு அப்பால், நிலவற்ற இரவொன்றில், செயலி காட்டும் இடத்தைப் பைனாகுலருக்குள் கொண்டுவந்து, வட்டத்துக்குள் தெரியும் அத்தனை விண்மீன்களையும் நோட்டில் புள்ளிகளாக வரையுங்கள். எது கோள் என்று அப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதிர்நிலைக்கு அருகிலுள்ள வாரங்களில் யுரேனஸ் நாளொன்றுக்கு இரண்டு கலைக்குச் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சற்று அதிகமாக நகரும். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி வரைந்து ஒப்பிட்டால், ஒரு புள்ளி மட்டும் முழுநிலவின் அகலத்துக்கு இடம் மாறியிருக்கும்.